சாலையோரத்தில் ஒரு வரலாறு

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நமக்கெல்லாம் இரயில் வண்டியின் பலகணியோரம் நன்கு பழகிய இடம். வண்டி நிற்கும் நிலையந்தோறும் மஞ்சள் நிறப் பலகை ஒன்றைக் காண்கிறோம். ஊரின் பெயர் அதில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அவ்வூர் எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளது என்ற கணக்கும் இருக்கிறது. ஆனால், அங்கே யார் வாழ்ந்தார்கள், என்ன நடந்தது, எவர் எதற்காக அழுதார்கள் என்பதை அப்பலகை சொல்வதில்லை. நாமும் ஒரு குவளைத் தேநீரைக் குடித்து முடித்து, பெயரை மட்டும் படித்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விடுகிறோம்.

ஊரின் கதையையும் எழுதி வழியில் நட்டு வைத்தால் என்ன? இக்கேள்விக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக விடை கண்டுகொண்டிருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே நெடுஞ்சாலை ஓரங்களிலும், நாட்டுப்புறச் சிற்றூர்களின் நாற்சந்திகளிலும், நீதிமன்ற முற்றங்களிலும் வரலாற்றுப் பலகைகள் நிற்கின்றன. 2024-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை மட்டுமே 1,80,000-க்கு மேல் என்றால், அவற்றின் பெருக்கத்தை எண்ணிப் பாருங்கள். பள்ளிப் பாடநூலைத் திறந்தே பாராத ஒருவனும், வண்டியை நிறுத்தி, வாயில் ரொட்டித் துண்டோடு இப்பலகையைப் படித்துவிடுவான். ஆகவே இவை நாட்டின் மிகப் பெரிய வரலாற்று நூல் எனலாம். அந்நூலின் ஏடுகள் காட்டிலும் மேட்டிலும் சிதறிக் கிடக்கின்றன என்பதே வேறுபாடு.

அந்நூலை எழுதியவர் யார்? அது சொல்வதெல்லாம் உண்மைதானா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கவுண்டி என்னும் சிறு உலகம்

முதலில் கவுண்டி என்பது யாது என அறிந்துகொள்ள வேண்டும். நம் மாநிலங்கள் மாவட்டங்களாகப் பிரிந்திருப்பதுபோல அமெரிக்க மாநிலங்கள் கவுண்டிகளாகப் பிரிந்துள்ளன. லூசியானா மாநிலத்தில் மட்டும் அதற்குப் பாரிஷ் என்று பெயர். நாடு முழுவதிலும் இத்தகைய பிரிவுகள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை. டெக்சாஸ் மாநிலத்தில் மட்டும் 254. நம் மாவட்டங்களோடு ஒப்பிட்டால் நாட்டுப்புறக் கவுண்டி பலவும் மக்கள் தொகையில் மிகச் சிறியவை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமையூர் உண்டு. அதன் நடுவே ஒரு நீதிமன்றம் உண்டு. மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஷெரீப் உண்டு. நிலப் பத்திரமும் திருமணப் பதிவும் வழக்கின் தீர்ப்பும் அங்கேதான் இருக்கும். எனவே, நாட்டுப்புற அமெரிக்கர்க்குத் தம் கவுண்டியே ஊரும் உறவும் உலகமும் ஆகும்.

இச்சிறு உலகின் கதையை எழுத வேண்டும் என்ற எண்ணம் நாடு தழுவி எழுந்தது 1876-ஆம் ஆண்டில். அமெரிக்கா விடுதலை பெற்று நூறாண்டு நிறைந்த ஆண்டு அது. அப்போது குடியரசுத் தலைவராயிருந்த யுலிசீஸ் கிராண்ட் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு கவுண்டியும் ஒவ்வோர் ஊரும் தன் தோற்றம் முதல் அந்நாள் வரையுள்ள வரலாற்றைச் சுருக்கமாக எழுதி, சூலை 4-ஆம் நாள் விழாவில் படிக்க வேண்டும். அதன் படி ஒன்றைக் கவுண்டி அலுவலகத்திலும், மற்றொன்றை நாட்டின் தலைநகரிலுள்ள காங்கிரஸ் நூலகத்திலும் சேர்க்க வேண்டும் என்பது அவ்வறிக்கையின் கருத்து. எவ்வளவு நல்ல எண்ணம்!

ஆனால், நல்ல எண்ணத்தின் பின்னாலேயே வாணிகமும் வந்து சேர்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் கவுண்டி வரலாற்று நூல்களை அச்சிட்டு விற்பதே தொழிலாகக் கொண்ட பதிப்பாளர் பலர் தோன்றினர். அவர்களின் ஆட்கள் பண்ணை பண்ணையாகச் சென்று முன்பணம் வாங்கினார்கள். பணம் கொடுத்தவரின் வாழ்க்கை வரலாறு நூலில் இடம் பெற்றது. இன்னும் கொஞ்சம் கொடுத்தால் அவருடைய உருவப் படமும் இடம் பெற்றது. பணம் கொடுக்க இயலாத கூலியாள், நிலத்தைப் பறிகொடுத்த செவ்விந்தியர், அடிமைத் தளையிலிருந்து அண்மையில் விடுபட்ட கறுப்பினத்தார் ஆகியோருக்கு அந்நூல்களில் பக்கம் கிடைப்பது அரிதாயிற்று. 'வரலாற்றில் இடம்பெற்றவர்' என்று நாம் மதிப்போடு சொல்கிறோம். அவ்விடம் சில வேளைகளில் விலைக்கும் கிடைத்தது!

பலகை பிறந்த கதை

நிற்க. நூல் வீட்டுக்குள் இருப்பது. அது சாலைக்கு வந்தது எவ்வாறு? மோட்டார் வண்டியால்தான்.

1908-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' வண்டி, 1927-ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. நடுத்தரக் குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஊர்சுற்றப் புறப்பட்டது. 1926-ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான எண்கள் இடப்பட்டன. சாலை வந்தது, வண்டி வந்தது, வண்டியில் வருவோர் நின்று பார்க்கவும், பார்த்த ஊரில் பணம் செலவிடவும் ஏதேனும் வேண்டுமன்றோ? அதே 1926-ல் நியூயார்க் மாநிலம் தன் விடுதலைப் போர்க் களங்களை நினைவுகூரும் பலகைத் திட்டத்தைத் தொடங்கிற்று. மறு ஆண்டில் வெர்ஜீனியா மாநிலம் முதலாம் எண் நெடுஞ்சாலையோரத்தில் தன் முதற் பலகைகளை நட்டது. பிற்காலத்தில் பென்சில்வேனியா, டெக்சாஸ் முதலிய பல மாநிலங்களும் இவ்வழியில் நடந்தன.

வெர்ஜீனியாவின் பலகையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வெள்ளி போன்ற சாம்பல் நிறத் தளத்தில் கருநிற எழுத்துகள். உச்சியில் மாநில முத்திரை. ஒவ்வொரு பலகைக்கும் சாலையைக் குறிக்கும் எழுத்தும், வரிசை எண்ணும் உண்டு. ஒரு கவுண்டி முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையிலும் ஒரு பலகை இருக்கும். அதில் அக்கவுண்டியின் பரப்பு, அது அமைந்த ஆண்டு, எவர் நினைவாக அதற்குப் பெயர் வந்தது என்பன இருக்கும். சொற்களுக்கு மட்டும் கடும் பஞ்சம். ஒரு பலகைக்கு ஏறத்தாழ நூறு சொற்களே. ஒரு போரோ, ஒரு பெருமகனின் வாழ்வோ, ஓர் ஊரின் அழிவோ, எதுவாயினும் நூறு சொற்களுக்குள் அடங்க வேண்டும்.

இப்பலகைகளை வார்க்கும் தொழிலும் சுவையானது. ஒகையோ மாநிலத்து மேரியெட்டா நகரில் 1927-ல் தொடங்கிய சீவா ஸ்டூடியோஸ் என்னும் பட்டறை பல மாநிலங்களுக்கு இவற்றைச் செய்து தருகிறது. தன்னை நிறுவியவரின் பெயரை ஆங்கிலத்தில் பின்னிருந்து முன்னாக எழுதி, அதையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட பட்டறை அது! அங்கே எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் அடுக்கி மாதிரி செய்கிறார்கள். அதை மணலில் அழுத்தி அச்சுப் பதிக்கிறார்கள். உருக்கிய அலுமினியத்தை அதில் வார்க்கிறார்கள். ஆறியபின் வண்ணம் பூசி, புடைத்து நிற்கும் எழுத்துகளுக்குத் தனி நிறம் தீட்டுகிறார்கள். உலோகத்தில் வார்த்த எழுத்து எளிதில் அழியாது. அதுவே அதன் பெருமை. அதுவே அதன் ஆபத்தும் கூட. தாளில் எழுதிய பிழையை அடித்துத் திருத்தலாம். அலுமினியத்தில் வார்த்த பொய் வெயிலிலும் மழையிலும் தலைமுறை தலைமுறையாக நின்று பேசும். மேலே முத்திரை வேறு இருப்பதால், அரசாங்கமே சொல்கிறது என்று வழிப்போக்கனும் நம்பிவிடுவான்.

ஒரு பலகை சொன்னதும் சொல்லாததும்

லூசியானா மாநிலத்தில் கிராண்ட் பாரிஷ் என்று ஒரு நாட்டுப்புறப் பகுதி இருக்கிறது. ஊர் வரலாறுகளை எழுதுங்கள் என்று அறிக்கை விட்டாரே, அதே கிராண்டின் பெயரால் 1869-ல் அமைந்தது. அதன் தலைமையூர் கோல்ஃபாக்ஸ். அவ்வூரில் 1950-ஆம் ஆண்டில் மாநிலத்தார் ஒரு பலகையை நட்டனர். 1873-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் இவ்விடத்தில் நடந்த 'கோல்ஃபாக்ஸ் கலகத்தில்' வெள்ளையர் மூவரும் நீக்ரோக்கள் 150 பேரும் மாண்டனர். தென்னாட்டில் வடவரின் தவறான ஆட்சி இத்துடன் முடிந்தது என்பது அதன் சாரம்.

கணக்கைக் கவனியுங்கள். ஒரு பக்கம் மூவர். மறு பக்கம் நூற்றைம்பதின்மர். இது கலகமா?

நடந்தது இது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைகள் விடுதலை பெற்று, வாக்குரிமையும் பெற்றிருந்த காலம். 1872-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றது யார் என்ற பூசல் மூண்டது. கறுப்பின மக்கள் கோல்ஃபாக்ஸ் நீதிமன்றத்தைக் காத்து நின்றனர். ஈஸ்டர் ஞாயிறன்று ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் பீரங்கியோடு வந்து தாக்கிற்று. நீதிமன்றத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சரணடைந்த பின்னரும் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவர்களின் சரியான தொகை இன்றளவும் உறுதியாகத் தெரியவில்லை. கூட்டரசு வழக்குத் தொடுத்தது; மூவர் மட்டுமே தண்டிக்கப்பட்டனர். 1876-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையையும் தள்ளிவிட்டது. ஊர்தோறும் வரலாறு எழுதிய அதே நூற்றாண்டு விழா ஆண்டு அது!

அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்த வெள்ளையர் மூவருக்கு 1921-ல் ஒரு தூண் எழுப்பப்பட்டது. அதில் அம்மூவரின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. வெள்ளையர் மேலாண்மைக்காகப் போரிட்டு வீழ்ந்தவர்கள் என்று கூச்சமின்றி எழுதியும் வைத்தனர். மூவருக்குப் பெயர் இருந்தது. நூற்றைம்பதின்மர்க்கு எண் மட்டுமே இருந்தது.

பலகை நடப்பட்ட ஆண்டையும் கருதிப் பாருங்கள். 1950 என்பது கறுப்பின மக்கள் தம் உரிமை கேட்டு எழத் தொடங்கிய காலம். தென்மாநிலங்களில் அவர்கள் வாக்குச் சாவடியை நெருங்கவும் இயலாதபடி தடைகள் இருந்த காலம். அந்நாளில் வழிச்செல்லும் கறுப்பினச் சிறுவன் அப்பலகையைப் படித்தால் அவன் நெஞ்சில் என்ன தோன்றும்? 'உன் பாட்டன் வாக்குரிமைக்காக நின்றான்; இதுதான் கிடைத்தது' என்ற எச்சரிக்கையே தோன்றும். அப்பலகை 1873-ஆம் ஆண்டைப் பற்றிப் பேசிற்று. ஆனால் 1950-ஆம் ஆண்டுக்காகப் பேசிற்று.

ஒவ்வொரு வரலாற்றுப் பலகைக்கும் இரண்டு காலங்கள் உண்டு என்பதை ஈண்டு நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒன்று நிகழ்ச்சி நடந்த காலம். மற்றொன்று பலகை நடப்பட்ட காலம். முதலாவதைப் பலகை உரத்துச் சொல்லும். இரண்டாவதை நாமேதான் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் கோல்ஃபாக்ஸ் பலகை அகற்றப்பட்டது. படுகொலையின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவு நாளான 2023 ஏப்ரல் 13-ல் அவ்வூரில் புதிய நினைவுக் கல் ஒன்று திறக்கப்பட்டது. தெரிய வந்த பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கல்லை எழுப்ப முன்னின்றவர்களில் ஒருவர் கொல்லப்பட்டவரின் வழித்தோன்றல். மற்றொருவர் கொன்ற கூட்டத்திலிருந்தவரின் வழித்தோன்றல். இவ்விருவரும் கை கோத்து நின்ற காட்சியை எண்ணும்போது, உண்மையைப் பேசினால் பகை வளரும் என்று அஞ்சுவோர்க்கு வேறு விடை தேவையில்லை என்றே தோன்றுகிறது.

ஆசிரியர் ஒருவர் எழுதி வைத்த பெயர்கள்

பலகை பொய் சொல்வது ஒரு வகைக் கேடு. பலகையே இல்லாதிருப்பது மற்றொரு வகைக் கேடு.

டெக்சாசின் மேற்கே, மெக்சிகோ எல்லையாகிய ரியோ கிராண்ட் ஆற்றங்கரையில், பிரெசிடியோ கவுண்டியில் போர்வெனீர் என்றொரு சிற்றூர் இருந்தது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்கு 'வருங்காலம்' என்று பொருள். 1918-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் விடியற்காலையில், டெக்சாஸ் ரேஞ்சர் என்னும் காவற்படையினர், அண்டைப் பண்ணையாளர் சிலரோடும் குதிரைப்படை வீரரோடும் ஊருக்குள் புகுந்தனர். மெக்சிகோ வழியினரான ஆடவரும் சிறுவருமாகப் பதினைந்து பேரைப் பிரித்து அழைத்துச் சென்று சுட்டுக் கொன்றனர். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. எஞ்சியோர் ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்கு ஓடினர். ஊர் அழிந்தது, வருங்காலம் என்ற பெயர் கொண்ட ஊருக்கு வருங்காலமே இல்லாமற் போயிற்று. அந்த ரேஞ்சர் பிரிவை ஆளுநர் கலைத்தார், சிலர் வேலையிழந்தனர். ஆனால் கொலைக் குற்றத்துக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1919-ல் கனாலெஸ் என்னும் சட்டமன்ற உறுப்பினர் முயற்சியால் ரேஞ்சர்களின் கொடுமைகள் பற்றி விசாரணை நடந்தது. பின்னர் எல்லாம் அடங்கிற்று.

அடங்கியது அரசாங்கத்தின் நினைவில்தான். ஹாரி வாரன் என்னும் பள்ளி ஆசிரியர் அப்பகுதியில் பாடம் சொல்லி வந்தவர். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் அவருடைய மாமனார். அவர் இறந்தோரின் பெயர்களைக் குறித்து வைத்தார். உயிர் தப்பியோரின் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் வாய்மொழியாகச் சொல்லி வந்தன. நூறு ஆண்டுக்குப் பின், 2018-ல், வரலாற்றுப் பேராசிரியர் சிலரின் வேண்டுகோளால் மாநில வரலாற்றுக் குழு ஒரு பலகைக்கு இசைந்தது. உடனே கவுண்டியிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. வேலை சில காலம் நின்றது. கடைசியில் 2018 நவம்பர் 30-ஆம் நாள் பலகை திறக்கப்பட்டது. ஆயினும் கொலைக்களத்தில் அன்று. அதற்கு வெகு தொலைவில், நெடுஞ்சாலையோரத்தில்.

டெக்சாசில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வரலாற்றுப் பலகைகள் உண்டு. அங்கே முறை இது: பலகை வேண்டுவோர் முதலில் தம் கவுண்டியின் வரலாற்றுக் குழுவுக்குச் சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும், அக்குழு ஏற்ற பின்னரே மாநிலக் குழுவுக்குச் செல்லும், செலவையும் பெரும்பாலும் வேண்டுவோரே ஏற்க வேண்டும். உள்ளூரார் கையில் உள்ளூர் வரலாறு இருப்பது நல்ல ஏற்பாடுதான். ஊரைப் பற்றி ஊரார்க்கே மிகுதியாகத் தெரியும். ஆனால், ஊரை விட்டே விரட்டப்பட்டவர் யாரிடம் சென்று விண்ணப்பிப்பார்? ஊரார் மறக்க விரும்புவதை ஊரார் குழுவே நினைவூட்டுமா? இவ்விடர்ப்பாட்டைத்தான் போர்வெனீர் நமக்குக் காட்டுகிறது.

துப்பாக்கிக்கு அஞ்சாத பலகை

மிசிசிப்பி மாநிலத்துக் கதையைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்கவொண்ணாது.

எம்மெட் டில் பதினான்கு வயதுச் சிறுவன். சிகாகோவில் வளர்ந்தவன். 1955-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு மிசிசிப்பியில் உள்ள உறவினர் வீட்டுக்கு வந்தான். கடைக்காரன் மனைவியாகிய வெள்ளைப் பெண்ணிடம் முறை தவறி நடந்தான் என்று பழி சுமத்தி, ஆகஸ்டு 28-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் அவனைத் தூக்கிச் சென்று கொன்று, டலஹாச்சி ஆற்றில் எறிந்தனர். மூன்று நாள் கழித்து உடல் கிடைத்தது. அவன் தாய் மேமி டில், சிகாகோவில் சவப்பெட்டியை மூடவொட்டாமல், 'என் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும்' என்ற உறுதியோடு நின்றார். டலஹாச்சி கவுண்டியின் சம்னர் ஊர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பையனை வளர்க்க நல்ல ஊர் என்ற வரவேற்புப் பலகை அந்நாளில் அவ்வூரில் இருந்தது! வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இருவரையும் குற்றமற்றோர் என விடுவித்தது. சில மாதங்களில் அவ்விருவரும் பணம் பெற்றுக்கொண்டு, கொன்றது தாமே என்று ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்கள். அதிலும் பொய் கலந்திருந்தது. சிறுவன் வதைக்கப்பட்ட கொட்டில் அடுத்த கவுண்டியாகிய சன்ஃப்ளவரில் இருந்தது. அங்கே உடனிருந்தோரைக் காப்பாற்றுவதற்காக அக்கொட்டிலே கதையிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு பொய் பல்லாண்டு நின்றதால் கொலைக்களமே வரைபடத்தில் இடம் மாறிற்று.

ஐம்பது ஆண்டுகள் டலஹாச்சி கவுண்டி பேசவில்லை. 2006-ல் கறுப்பரும் வெள்ளையரும் அடங்கிய குழு ஒன்று அமைந்தது. 2007 அக்டோபர் 2-ஆம் நாள் அதே நீதிமன்றத்தின் முன், டில் குடும்பத்தாரிடம் ஊரின் வருத்தத்தை வெளிப்படையாகச் சொல்லும் அறிக்கை படிக்கப்பட்டது. உண்மையைச் சொல்வதில்தான் இணக்கம் தொடங்குகிறது என்பதே அதன் முதற்கருத்து. மறு ஆண்டில் நிகழ்ச்சி நடந்த இடங்களில் பலகைகள் நடப்பட்டன.

ஆற்றங்கரையில் நட்ட பலகை அதே ஆண்டில் களவு போயிற்று. இரண்டாம் பலகையைத் துப்பாக்கியால் துளைத்துச் சல்லடை ஆக்கினர். 2018-ல் நட்ட மூன்றாம் பலகை முப்பத்தைந்து நாள்தான் குண்டு படாமல் நின்றது. 2019-ல், அதன் முன்னே துப்பாக்கிகளுடன் நின்று கல்லூரி மாணவர் மூவர் எடுத்துக்கொண்ட படம் வெளிவந்து உலகம் திடுக்கிட்டது. மாணவர்! நம்மைப் போல நூல்களைக் கையில் ஏந்தியவர்! 2019 அக்டோபரில் நான்காம் பலகை நடப்பட்டது. ஐந்நூறு பவுண்டுக்கு மேற்பட்ட எடை. குண்டு துளைக்காத எஃகு. குண்டுபட்ட பழைய பலகையொன்று 2021-ல் தலைநகர் வாஷிங்டனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 2023-ல் ஆற்றங்கரையும் சம்னர் நீதிமன்றமும், தாய் சவப்பெட்டியைத் திறந்து வைத்த சிகாகோ தேவாலயமும் நாட்டின் நினைவிடமாக அறிவிக்கப்பட்டன.

வெறும் பலகையென்றால் அதன்மேல் ஏன் குண்டு பாய வேண்டும்? இறந்துபோன சிறுவனை மீண்டும் மீண்டும் சுடுவானேன்? பலகை பேசுவது இறந்த காலத்தைப் பற்றியன்று என்பதைச் சுட்டவர்களும் நன்கறிந்திருந்தனர்.

படிக்கும் முறை

'பழம் புண்ணைக் கிளறுவானேன்? நெடுஞ்சாலையில் போகிறவனுக்கு நல்லதைச் சொன்னால் போதாதா?' என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியைப் புறக்கணித்தல் ஆகாது. பலகைகளில் மிகப் பல எளிய நற்செய்தி சொல்பவை. பழைய படகுத்துறை, மாவு ஆலை, முதற் பள்ளிக்கூடம் என்று ஊரின் சிறு பெருமைகளை உண்மையோடு சொல்பவை. ஊதியம் கருதாமல் பழம் பத்திரங்களைப் புரட்டி அவற்றை எழுதிய உள்ளூர்ப் பெரியோர் நம் வணக்கத்துக்கு உரியவர்கள். ஆனால், ஆறிய புண்ணைக் கிளறுவது வேறு. ஆறாத புண்ணை மூடி வைப்பது வேறு. கோல்ஃபாக்சிலும் சம்னரிலும் புண் ஆறியிருக்கவில்லை. அதைப் பற்றிப் பேச உரிமையுடையோர் பேச முடியாதிருந்தனர், அவ்வளவே.

ஆகவே, எந்தப் பலகையின் முன் நின்றாலும் ஐந்து கேள்விகள் கேட்கலாம். எப்போது நட்டார்கள்? யார் நட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள்? எவருக்குப் பெயர் இருக்கிறது, எவருக்கு எண் மட்டும் இருக்கிறது? 'இறந்தனர்' என்றிருக்கிறதா, 'கொல்லப்பட்டனர்' என்றிருக்கிறதா? நடந்த இடத்திலேயே நிற்கிறதா, வசதியான வேறிடத்தில் நிற்கிறதா? இவ்வைந்துக்கும் விடை தேடப் புகுவோன் தானே வரலாற்று மாணவன் ஆகிவிடுகிறான்.

வெர்ஜீனியாவில் தொடக்க காலப் பலகைகள் பெரும்பாலும் குடியேற்றக் காலத்தையும் போர்களையும் பற்றியவை. கறுப்பின மக்களின் வாழ்வு அவற்றில் மிக அருகியே இருந்தது. 2020-ல் அம்மாநிலத்தார் இக்குறையை நீக்க ஒரு வழி கண்டனர். பள்ளி மாணவரையே அழைத்து, 'உங்கள் பகுதியில் நினைவுகூரப்படாத கறுப்பினப் பெருமக்களையும் இடங்களையும் தேடிச் சொல்லுங்கள்' என்று ஒரு போட்டி வைத்தனர். அவ்வாறு மாணவர் முன்மொழிந்தவற்றுள் சில, பலகைகளாக வார்க்கப்பட்டுச் சாலையோரம் ஏறின. ஒரு மாநிலத்தில் மாணவர் பலகையைச் சுட்டனர். மற்றொரு மாநிலத்தில் மாணவர் பலகையை எழுதினர். கல்வி ஒன்றுதான், அதைக் கொண்டு செய்வது அவரவர் நெஞ்சைப் பொறுத்தது.

நண்பர்களே! நாம் படிக்கும் இப்பல்கலைக் கழகத்திலும் கட்டடத்துக்குக் கட்டடம் ஒரு கல் பதித்திருக்கிறது. அடிக்கல் நாட்டியவர் பெயர் இருக்கும். திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். சுவரை எழுப்பிய கொத்தனார் பெயரும், மண் சுமந்த பெண்ணின் பெயரும், இந்நிலத்தில் முன்பு உழுதவர் பெயரும் அதில் இரா. நாளை வகுப்புக்குப் போகும்போது ஒரு நிமிடம் அக்கல்லின் முன் நில்லுங்கள். இல்லாத பெயர்களைப் பற்றி அருகிலிருக்கும் முதிய காவலாளியிடமோ தோட்டக்காரரிடமோ கேளுங்கள். அவர் சொல்வதைத் தாளில் குறித்து வையுங்கள், ஆண்டும் நாளும் இட்டு.

பள்ளி ஆசிரியர் ஒருவர் அவ்வாறு குறித்து வைத்த பெயர்கள், நூறு ஆண்டுக்குப் பின்னரும் பயன்பட்டன.